ஆண்டிபட்டிக் கணவாயில் படுத்த பூனை

எங்கள் வீட்டுப் பூனைகளுக்குச் சம்பளம் கிடையாதே தவிர, உத்தியோகம் உண்டு. போடியில் அப்பாவுக்கு இலவம் பஞ்சு வியாபாரம். வீட்டின் பின்கட்டுதான் கிடங்கு. பஞ்சை எலி சீண்டாது. ஆனால் பஞ்சோடு வரும் விதைக்கு ஊரிலுள்ள எலியெல்லாம் வந்து சேரும். அதனால் நாலைந்து பூனைகள் எப்போதும் அங்கே வளைய வந்துகொண்டிருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழும் அப்பா, பூனைகளிடம் மட்டும் தணிந்த குரலில்தான் பேசுவார்.

அந்தப் பூனைகளோடுதான் என் சித்தப்பாவுக்குத் தகராறு வந்தது.

சித்தப்பா போடி ரயிலடியில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் இருந்தவர். யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று சர்க்கார் மதுரைத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சித்திக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ரயில் இல்லை. பெட்ரோலும் கிடைக்காத காலம். கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டது. சித்தியும் வயிற்றுப் பிள்ளையும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஏழு வயது. சித்தி செத்துப்போனது தெரியும். எங்கே, எப்படி என்பதெல்லாம் பெரியவர்கள் எங்களைக் கண்டதும் நிறுத்திக்கொள்ளும் பேச்சு.

காரியம் முடிந்ததும் சித்தப்பாவை வேறு ஊருக்கு மாற்றி உத்தரவு வந்தது. அவர் போகவில்லை. ஒருநாள் மதுரைக்குப் போய், சாவி கொடுத்தால் ஓடும் தகர எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். கிடங்கு மச்சில் பலகைகளை வரிசையாகப் போட்டு, தகரத்தைப் பட்டையாக வெட்டித் தண்டவாளம் அமைத்தார். போடி, தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை என்று தீப்பெட்டிகளில் ஸ்டேஷன்கள் எழும்பின. தரைக்கு ஆற்று மணல் பரப்பினார். மலைக்கு எங்கே போவது? கிடங்கில்தான் இலவம் பஞ்சு மலையாகக் கிடக்கிறதே, அதை அள்ளி வந்து குவித்தார்.

இலவம் பஞ்சில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் அப்படி ஒரு காரியம் செய்வார்கள். பூனைக்குப் படுக்க மெத்தையும், வெளிக்கிருக்க மணலும் ஒரே இடத்தில் அமைந்தால் அது வேறு எங்கே போகும்?

சாயங்காலமானால் சித்தப்பா வண்டி விடுவார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மறுபடி சாவி கொடுக்க வேண்டும். வண்டி மதுரை போய்ச் சேர்ந்தால் கீழே இறங்கி வந்து சாப்பிடுவார். வழியில் பூனை மறித்துவிட்டாலோ, தண்டவாளத்தைக் கலைத்து வைத்திருந்தாலோ, அன்று சோற்றைத் தொடமாட்டார். அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தார்.

அதனால் பூனையை அண்டவிடாமல் பார்ப்பது வீட்டுக்கே தலைபோகிற காரியமாயிற்று. மச்சுக் கதவைச் சாத்தினோம். ஓட்டைப் பிரித்துக்கொண்டு வந்தன. நார்த்தங்காய்த் தோலைச் சுற்றிலும் போட்டோம். அதை உருட்டி விளையாடின. அம்மா மிளகாய்ப் பொடியைத் தூவினாள். நாங்கள் எல்லோரும் தும்மித் தும்மி ஓய்ந்தோம். பூனை ஒரே ஒரு தும்மல் போட்டுவிட்டு உசிலம்பட்டி ஸ்டேஷன் மேல் படுத்துத் தூங்கியது.

பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றாள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"பூனைய வெரட்டிட்டா வெத மூட்டைய யாரு பாப்பா? ஒங் கொழுந்தன் ரயிலா காவக்காக்கும்?"

"தம்பி பட்டினி கெடக்காக. ஒங்களுக்கு வெத மூட்ட பெருசாப் போச்சா?" என்றாள் அம்மா. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்கும் தம்பி மேல் உயிர்தான்; அதைச் சொல்லத் தெரியாது.

கடைசியில் காவல் என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் விளக்குமாறும் கையுமாக மச்சில் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு அந்த ரயில் மேல் கொள்ளை ஆசை. மதுரை போய்ச் சேரும்போது சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நான் கைதட்டுவேன்.

ஒருநாள் நான் மச்சுக்குப் போகும்போதே சாம்பல் பூனை ஆண்டிபட்டிக் கணவாயில் பஞ்சைக் குடைந்து படுத்திருந்தது. வயிறு பெருத்த பூனை. தண்டவாளத்தின் மேலேயே காலை நீட்டிக்கொண்டு, ஒரு மாதிரி அடிக்குரலில் கத்தியது. நான் விளக்குமாற்றை ஓங்கினேன். பின்னால் வந்த சித்தப்பா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அடிக்காத ஆத்தா. அதக் கீழ போடு."

"வண்டி போகணும்ல சித்தப்பா?"

"நிக்கட்டும்."

போடியில் நின்ற எஞ்சினை எடுத்து ஓரமாக வைத்தார். கணவாயில் தண்டவாளத்தைத் தம் கையாலேயே பிடுங்கிப் போட்டார். மற்ற மலைகளிலிருந்து பஞ்சை அள்ளி அந்தப் பூனையைச் சுற்றி அணைத்து வைத்தார். பிறகு அதன் எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டார். அது கத்தும்போதெல்லாம் பஞ்சை இன்னும் நெருக்கி வைத்தார். என்னைக் கீழே போகச் சொன்னார்.

அம்மாவிடம் ஓடிப்போய், இன்றைக்கு வண்டி போகவில்லை என்று சொன்னேன். அம்மா அடுப்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து சித்தப்பா இறங்கி வந்தார். தாமே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சோறு வைங்க மதினி."

அம்மா நம்பாமல் பார்த்தாள். "வண்டி போகலையாமே தம்பி?"

"போகல மதினி. மதுரைக்குப் போக வேண்டியவ ஆண்டிபட்டியிலேயே பெத்துட்டா. தாயும் புள்ளைகளும் நல்லாருக்கு."

அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசற்படியில் நின்ற அப்பா மெல்லத் திரும்பிக் கிடங்கு பக்கம் போனார். சித்தப்பா மட்டும் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குட்டி போட்டதற்கு எதற்கு அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"பூன எதுக்கும்மா மதுரைக்குப் போகணும்?" என்று கேட்டேன்.

அம்மா என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த இறுக்கம் பொறுக்காமல் நான் திமிறிக்கொண்டு, குட்டிகளைப் பார்க்க மச்சுக்கு ஓடினேன்.