வெறும் குப்பியில் எழும்பிய கோடுகள்

போன கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் நடந்தது இது. இயந்திரங்களுக்குப் போடும் செயற்கை எண்ணெய் எவ்வளவு முதிர்ந்து கெட்டுவிட்டது என்று பார்ப்பது என் வேலை. அதற்குத் திணிவு நிறமாலைமானி என்றொரு கருவி உண்டு. மூலக்கூறுகளை எடை போட்டு, திரையில் கோடு கோடாகக் காட்டிவிடும். என் மனைவிக்கு அடுத்தபடியாக, அதனிடம்தான் எதையும் ஒளிக்க முடியாது.

அன்று காலை உடுப்பிட்டியில் ஒரு செத்த வீடு. போனவர் எனக்கு அண்ணை முறை. கடற்கரை ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கம்பிரசரை ஓட்டியவர். மாரடைப்பு. அதே வாரம்தான் கம்பிரசர் எண்ணெயை ஒரு போத்தலில் கொண்டுவந்து, "தம்பி, மிசின் முனகுது. சொன்னா ஒருத்தரும் நம்பினமில்லை. ஒருக்காப் பார்" என்று தந்திருந்தார். பிறகு பார்க்கலாமென்று நானும் அதை மேசையில் வைத்துவிட்டேன்.

செத்த வீட்டில் நிற்கும்போதே தொழிற்சாலை முதலாளியின் போன். சத்தம் கூடிவிட்டதாம். நிறுத்தினால் வந்திறங்கும் மீன் பழுதாகும். ஓட்டி அது வெடித்தால், அவருக்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்கும் புதிய ஆள் அமோனியா நச்சுவாயுவில் முடிந்தான். நான் சுடலைக்குப் போகாமல், முழுகாமல், கையை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

முதலில் எண்ணெய் கலக்காத வெறும் கரைப்பானை ஓட்டுவோம். திரை துப்புரவாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. கோடுகள் எழுந்து நின்றன. குப்பியை மாற்றினேன், கையுறையை மாற்றினேன். இன்னும் உயர்ந்தன. கூட வேலை செய்யும் பெண் வந்து அதையே செய்தாள். திரை வெறுமை. மறுபடி நான் செய்தேன். வந்துவிட்டது.

"அண்ணை, உங்களோடை ஆரோ வந்திருக்கினம்" என்றாள்.

பேய் இல்லையென்று ஊரெல்லாம் வாதாடுகிறவன், திருநீறு தேடிக் காற்சட்டைப் பையைத் தடவினேன். பஸ் டிக்கெட்தான் அகப்பட்டது. அவசரத்துக்கு அதையே நெற்றியில் ஒட்டியிருப்பேன். விளக்குகள் ஒருகணம் மங்கின. முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்ல முனகியது. கருவியின் பம்ப் என்று மூளைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியவில்லை.

"பாக்கிறன் அண்ணை, இப்பவே பாக்கிறன்" என்று வாய்விட்டே கெஞ்சிவிட்டேன்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தாள்.

"இது நல்லெண்ணெய் மாதிரியெல்லே கிடக்கு. செத்த வீட்டிலை எண்ணெய் வைச்சனீங்களோ?"

"ஓம்."

"முழுகினனீங்களோ?"

நான் விரல்களைப் பார்த்தேன். உடலைக் குளிப்பாட்டுமுன் எண்ணெய் அரப்பு வைக்கும்போது அவருடைய குளிர்ந்த தலையில் தொட்டு வைத்த எண்ணெய். ஒவ்வொரு புதுக் கையுறையையும் இழுத்துப் போடும்போது அதன் வெளிப்புறத்தில் பூசியிருக்கிறேன்.

"முழுகாமல் ஒண்டையும் தொடக்கூடாது எண்டா, மூடநம்பிக்கை எண்டு நக்கலடிப்பியள். இப்ப மிசினே சொல்லுது. தள்ளி நில்லுங்கோ!"

அவரது போத்தலிலிருந்த எண்ணெயை அவளே ஓட்டினாள். திரை நிறைய உடைந்த மூலக்கூறுத் துண்டுகள். எண்ணெயில் உயிரே இல்லை. உடனே முதலாளிக்குப் போன் போட்டேன்: "நிப்பாட்டுங்கோ. ஆளை வெளியிலை எடுங்கோ." அந்நேரம் சுடலையில் அவருக்குக் கொள்ளி வைத்திருப்பார்கள்.

பிறகு கழற்றிப் பார்த்தபோது கம்பிரசரின் சுழல்தண்டைத் தாங்கும் பெயாரிங்குகள் கருகிக் கிடந்தனவாம். புதிய ஆள் தப்பினான். உயிரோடு நின்று அவர் சொன்னதை நாங்கள் ஒருவரும் நம்பாமல், அவர் சாம்பலாகும் நேரத்தில் ஒரு கருவி சொல்லித்தான் நம்பினோம் என்பதை நினைத்தால், எந்தப் பேய்க்கும் நடுங்காத அளவுக்கு இன்றும் நடுங்குகிறேன்.