விட்டுக்கொடுக்க வந்தவர்

கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் கரியாலூர் பக்கத்து மலைக்காரப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். காதில் பொட்டுத் தங்கமில்லை. பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வார்.

கணவர் விட்டுப்போன நான் மாத உதவித்தொகை கேட்டுக் கைக்குழந்தையோடு நின்றேன். அவரோ தன் விதவை உதவித்தொகையை நிறுத்தச் சொல்ல வந்திருந்தார்.

“ஏங்க நிறுத்தறீங்க?” என்றேன்.

வாயைத் துடைத்தார். “மவன் வேலைக்குப் போறான். சோத்துக்குப் பஞ்சமில்ல. இன்னும் இன்னாத்துக்கு?”

நான் நம்பவில்லை. எங்காவது நிலம் வாங்கியிருப்பார், விசாரணைக்குப் பயந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது கேட்டுப் பின்னால் நின்ற அம்மாள் சீறினார். “உன்னப் பாத்து எங்களயும் தேறிட்டாங்கன்னு பணத்த வெட்டிடப் போறாங்க. கம்முனு வூட்டுக்குப் போ!” அந்தப் பயம் எனக்கும் வந்தது.

ஜன்னலருகே போனதும் அவர் என்னைக் காட்டினார். “சார், என் எடத்த இந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க. பச்சப்புள்ளய வெச்சிக்கினு நிக்குது.”

எழுத்தர் சிரித்தார். “எழுந்து குடுக்க இது பஸ் சீட்டாம்மா? உன்னுது நின்னா நின்னதுதான். அந்தப் பொண்ணுக்கு விசாரிச்சித்தான் வரும்.”

அவர் சற்று யோசித்தார். “சரி, நிறுத்திக்கோங்க.”

முன்பின் தெரியாதவர் எனக்காகக் கேட்கிறார், பிறகு என்னிடம் எதைக் கேட்பாரோ என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவர் கைநாட்டு வைத்தார். துணி விலகியிருந்த குழந்தையின் காலை மூடிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.