விற்காத ஒரு நாள்

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரே அடுக்குமாடியின் ஆறாவது மாடியில், நானும் எதிர்வீட்டுக்காரரும் அவரவர் வீட்டை விற்கப் போட்டிருந்தோம். என் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். அவர் பால்கனியில் நின்றால் சாலையும் மரங்களும் மலையும். வீடு பார்க்க வருகிறவர்கள் என் வீட்டில் ஐந்து நிமிடம் நிற்பார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட, பூ அச்சிட்ட பாத்தேக் சட்டை. ஆள் வருவதற்கு முன் ஈரத்துணியால் பால்கனிக் கம்பியை மட்டும் துடைப்பார். தரையில் தூசி கிடந்தால் கவலைப்பட மாட்டார்.

இருந்தும் ஒரு வருடமாக அவர் வீடு விலைபோகவில்லை. காரணத்தை ஏஜென்ட் பெண் லிஃப்டில் சலித்துக்கொண்டு சொன்னாள். ஆண்டுதோறும் தைப்பூசத் தேர் வரும் நாளில் மட்டும் அந்தப் பால்கனியை அவருக்கு விட வேண்டுமாம். அதைக் கேட்டதும் எல்லாரும் நழுவிவிடுகிறார்களாம். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

"அண்ணே, அந்த ஒரு கண்டிஷன விட்டா நாளைக்கே வித்துப் போயிரும் லா," என்றேன், நல்லவன்போல.

"வீட்டத்தான் தம்பி விக்கிறேன். தேர் வர்ற நாள விக்கலையே," என்றார், துணியைப் பிழிந்துகொண்டே.

என் வீடு அடுத்த மாதமே விற்றுப்போனது. சாவியை வாங்கியவர், "வேற ஏதாச்சும் சொல்லணுமா அண்ணே?" என்று கேட்டார். பத்தொன்பது வருடம் குடியிருந்த வீடு. எனக்கென்று கேட்டு வைத்துக்கொள்ள ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

எதிர்க்கதவு திறந்திருந்தது. அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் வயிறு மறுபடி எரிந்தது.