நாசகாரியின் கீழறைக் கதவு

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். முதலில் தங்கை நான் செய்த தப்பை எழுதிவிடுகிறேன்.

அண்ணன் சதுரங்கப்பட்டினத்தில் பிறந்தவர். சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனார். யுத்தத்தில் ஜப்பான்காரன் அந்தக் கப்பலை மூழ்கடித்தான். தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தன் கப்பலில் ஏற்றி, கீழ்த்தளத்து இரும்பறையில் போட்டு வெளியே தாழிட்டான். பதினொரு நாள். பிறகு சிறை முகாம். யுத்தம் முடிந்து செங்கல்பட்டுக்கு எங்களிடம் வந்தவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எந்தக் கதவையும் தாழிட விடமாட்டார். அப்போது அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்த ஐந்தாம் வருஷம் கல்யாணம். அண்ணி மாமல்லபுரத்துப் பெண். பகலில் கண்ணயர்ந்தால் அண்ணன், "நாசகாரி... நாசகாரி" என்று முனகுவார். மூன்று மாதம் பொறுத்த அண்ணி, "தூக்கத்துல கூட என்னத் திட்டிகினு கீறாரு. இனிமே இங்க எனக்கு இன்னா வேல?" என்றார். ஒருவரையும் அதட்டியறியாத மனுஷர் என்று தெரிந்தும் நானும் அப்படியே நம்பினேன். அண்ணிக்குப் பெட்டி கட்டிக் கொடுத்ததே நான்தான்.

அண்ணன் வாசலில் நின்றார். "பத்து நாள் இரு, காட்றேன்" என்று மட்டும் சொன்னார்.

கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கினார். குடைக்கம்பியில் பீரங்கி, தகர டப்பாவில் புகைபோக்கி. ஒரு முழ நீளக் கப்பல். மேல்தளத்தைத் தூக்கினால் தீப்பெட்டி அளவில் ஓர் அறை, அதன் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள்.

"இதான் நாசகாரி. இந்த மாதிரி சண்டைக் கப்பலுக்குப் பேப்பர்ல அப்படித்தான் பேர் போடுவாங்க. உன்னச் சொல்லல. நான் இன்னும் இதுக்குள்ளதான் கீறேன்."

அண்ணி பெட்டியை உள்ளே கொண்டுபோனார். நான் கட்டிய பெட்டியை நானே பிரித்து அடுக்கினேன்.

பிறகொரு நாள் பழைய மாலுமி நண்பர் ஒருவர் வந்து, அந்த ஜப்பான் கப்பலும் கடைசியில் குண்டுபட்டு மூழ்கிவிட்டது என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். அண்ணன், "கீழ இருந்தவனுங்களுக்கு யாராச்சும் கதவத் தொறந்தாங்களா?" என்று கேட்டார்.

போன வருஷம் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறைக்கதவைச் சாத்தியதும் அதே வார்த்தையைச் சொன்னார். நர்சம்மாவின் முகம் சுண்டிப்போனது. "உங்கள இல்லம்மா, கப்பலச் சொல்றாரு. கதவத் தொறந்து வையிங்க" என்றார் அண்ணி. சாரல் அடித்தும் மூன்று நாளும் கதவைத் திறந்தே வைத்த அந்த அம்மாவுக்கும், கூடவே நின்ற உங்கள் எல்லாருக்கும் எங்கள் நன்றி.

கப்பல் கூடத்தில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கீழறைத் தாழ்ப்பாளை அண்ணி பிடுங்கிவிட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தால், தயவுசெய்து திறந்துவிட்டுப் போங்கள்.