கெண்டைக்கு வில் எடுத்த கோபாலசிங்கத்தார்

“நான் தெரிஞ்செடுத்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கிற நாள் இந்த உலகத்துக்கு விடியாது!”

2017 ஓகஸ்டில், பலெர்மோ நகரத்தில், பிள்ளை ஒருத்தி பெரியவளானதற்கு நடந்த சாமத்திய வீடு ஒன்றில், இரண்டாம் பந்திக்கும் மூன்றாம் பந்திக்கும் இடையில் கோபாலசிங்கத்தார் இப்படி அறிவித்தார். மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. பாதிப் பேர் வாயில் வடை இருந்தது. மற்றப் பாதிப் பேர் வீட்டில் கோபாலசிங்கத்தார் தெரிந்தெடுத்துக் கொடுத்த ஏதோ ஒன்று பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சுழிபுரத்தில் பிறந்து, பத்தொன்பது வருடமாகப் பலெர்மோவில் வாழும் இந்த ஐம்பத்தொரு வயது மனிதருக்குச் சம்பளம் தரும் தொழில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவது. சம்பளம் தராத தொழில், தமிழ்ச் சனத்துக்குச் சாமான் தெரிந்தெடுத்துக் கொடுப்பது. அல்பெர்கேரியா ஒழுங்கைகளில் குடியிருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் அவரைக் கேளாமல் கிரைண்டர் வாங்காது. மெத்தை என்றால் கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்ப்பார். ஒருமுறை உண்மையாகவே நித்திரையாகிவிட்டார். எழும்பி, அதையே கட்டச் சொன்னார். கோயிலுக்கு ஒலிபெருக்கி எடுத்தபோது கடைக்குள் நின்று ஒரு தேவாரத்தை முழுதாகப் பாடிச் சோதித்தார். கடைக்காரர் பாதியிலேயே விலையைக் குறைத்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்கு அந்த வருடம் ஒரு வீடு தேவைப்பட்டது.

அவரும் மனைவி அருள்நாயகியும் இருந்த நாலாம் மாடி அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். செப்டெம்பர் முடிய வெளிக்கிட வேண்டும். பல்லாரோ சந்தைப் பக்கம் கேட்ட வீடெல்லாம் அதே பயணிகளுக்காக வெள்ளையடிக்கப்பட்டுக் கொண்டிருந்தது. அருள்நாயகி மொண்டெல்லோவில் சிஞோரா ஸ்ரெல்லா என்ற விதவை வீட்டில் வேலை செய்தார். சிஞோராவுக்குச் சியாக்குல்லிப் பக்கம் மண்டரின் தோடை என்ற சிறு ஆரஞ்சுத் தோட்டம் ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள்ளே காவல்காரருக்கென்று இரண்டு அறை வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. காவல்காரர் வேலைக்கு ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதும் லேசு.

அந்த வீட்டுக்கும் கோபாலசிங்கத்தாருக்கும் இடையில் நின்றது மீன்.

தோட்டத்துக்கு நீர் இறைக்கும் குளத்தில் கார்ப் என்ற மீன் பெருத்திருந்தது. நம்முடைய கெண்டைக்கு ஐரோப்பியப் பெரியப்பா முறையானது. ஒவ்வொன்றும் பத்துக் கிலோவுக்குக் குறையாது. அடிச்சேற்றைக் கிண்டிக் கிண்டி இறைப்பு இயந்திரத்தின் குழாயை அடைத்துவிடும். வலை போட முடியாது. செத்துப்போன கணவர் தறித்த மரக்கட்டைகளை எல்லாம் குளத்துக்குள்தான் தள்ளியிருந்தார். தூண்டிலுக்கு வந்த மூன்று பேர் மூன்று நாள் இருந்து தோடம்பழம் தின்றுவிட்டுப் போனார்கள். அந்த நேரம் சிஞோரா இணையத்தில் ஒரு காணொளி பார்த்தார். அமெரிக்கர் சிலர் வில்லும் அம்புமாக நின்று இதே மீனைக் குத்தி எடுத்தார்கள்.

“என் தோட்டம், என் தண்ணீர், என் மீன்,” என்றார் சிஞோரா. இதற்கு மேல் சட்டம் கேட்கும் துணிவு அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. “புது இறைப்பு இயந்திரம் பூட்டமுதல் பெரிய மீனை யார் எடுத்துத் தருகிறாரோ அவருக்கு வீடு. செப்டெம்பர் கடைசி ஞாயிறு வந்து பார்ப்பேன்.”

அருள்நாயகி வந்து சொன்னபோது கோபாலசிங்கத்தார் கையிலிருந்த தேத்தண்ணியைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“வில்லோ? அது நல்ல வில்லா இருந்தால் மீன் தானா வரும். எல்லாம் தெரிவிலைதான் கிடக்கு.”

“நீங்கள் முந்தி வில்லைத் தொட்டிருக்கிறியளோ?”

“குளிர்சாதனப் பெட்டிக்குள்ளை நான் இருந்திருக்கிறனோ? நல்லதைத் தெரிஞ்செடுக்கேல்லையோ?”



பிரான்காச்சோவில் பட்டறைகளுக்கு நடுவே எமிலியானா என்ற பெண் வில்லும் மீன்பிடிச் சாமானும் விற்கும் சிறிய கடை வைத்திருந்தார். கோபாலசிங்கத்தார் பஸ் ஏறிப் போய் இறங்கினார். போகமுதல் ஒன்பது காணொளிகள் பார்த்திருந்தார். அன்று அவர் நடத்திய தெரிவை, அதன் ஒரேயொரு பகுதியைத் தவிர்த்து, எந்தக் கல்லூரியிலும் பாடமாக வைக்கலாம்.

முதலில் எமிலியானா, இரு முனையிலும் சக்கரம் மாதிரிச் சில்லுப் பூட்டிய வில்லை எடுத்து வைத்தார். இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்கலாம், கை நோகாது என்றார். கோபாலசிங்கத்தார் சில்லைச் சுழற்றிப் பார்த்து, மூக்கில் வைத்து மணந்தும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

“மீன் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்காது, சிஞோரா. தலை காட்டும், போய்விடும். இழுத்த உடனே விடவேண்டும். அதோடு சில்லுக்குள் சேறு போகும்.”

எமிலியானா சற்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, முனை வளைந்த சாதாரண வில்லை எடுத்தார். நாற்பது இறாத்தல் இழுவை. அதுதான் சரியானது. அம்பு கேட்டபோது கோபாலசிங்கத்தார் இறகு வைத்ததைத் தொடவே இல்லை. தண்ணீருக்குள் இறகு திசை மாற்றும் என்று, இறகில்லாத, பாரமான கண்ணாடிநார் அம்பை எடுத்தார். முனையில் விரியும் முள் இருக்கிறதா, மீனைக் கழற்றும்போது அது மடங்குகிறதா என்று பார்த்தார். நூலை அம்பின் பின்முனையில் கட்டாமல், தண்டில் வழுக்கி ஓடும் வளையத்தில் கட்டச் சொன்னார். பின்முனையில் கட்டினால் நூல் நாணில் சிக்கி, அம்பு எய்தவனிடமே திரும்பி வரும். நூல் சுற்றப் போத்தல் போன்ற உருளை. தண்ணீரின் பளபளப்பை வெட்ட கறுப்புக் கண்ணாடி.

“சிஞோர், நீங்கள் எத்தனை வருடம் வில் எய்கிறீர்கள்?” என்று எமிலியானா மரியாதையோடு கேட்டார்.

“நான் எய்கிறதில்லை. தெரிவு செய்கிறவன்.”

கடைசியாக எமிலியானா அவரை இரு கையாலும் ஒரு துவாரம் செய்து, அதனூடாகச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி கையை முகத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். துவாரம் வலக் கண்ணில் வந்து நின்றது. “உங்களுக்குக் குறி பார்ப்பது வலக்கண். ஆகவே வலக்கைக்காரரின் வில்,” என்று ஒன்றை எடுத்து அவரது இடக்கையில் வைத்தார். வில்லை இடக்கை பிடிக்கும், நாணை வலக்கை இழுக்கும். அதுதான் வலக்கை வில்.

கோபாலசிங்கத்தார் கையில் நெருப்புப் பட்டதுபோல வில்லை மேசையில் வைத்தார். சுழிபுரத்தில் பீச்சங்கை என்கிற இடக்கை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதில்லை, ஒருவரிடம் ஒன்றை வாங்குவதில்லை. கோயிலுக்கு ஒலிபெருக்கி எடுத்தவர், வாழ்க்கையில் முதல் ஆயுதத்தை அந்தக் கையாலா பிடிப்பார்?

“ஆயுதம் பெரிதா, கயிறு பெரிதா?” என்று கேட்டார்.

“வில்லைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறது ஒரு கை. வேலை செய்கிறது மற்றது, சிஞோர்.”

“எங்கள் ஆட்களுக்கு அப்படியில்லை. மாற்றி எடுங்கள்.”

எமிலியானா மூன்றுதரம் சொன்னார். பிறகு இடக்கைக்காரரின் வில்லை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அதைச் சோத்துக்கையான வலக்கையிலே பிடிக்கலாம். “ஆனால் ஒன்று. தண்ணீர் பட்ட சாமானை நான் திருப்பி எடுப்பதில்லை.”

“அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்,” என்றார் கோபாலசிங்கத்தார்.

வில் வீட்டுக்கு வந்து, சாமித்தட்டின் முன் வைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்றது. அருள்நாயகி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு சுவர்க் கலண்டரைப் பார்த்தார். அதில் ஒரு சுவாமி வில்லோடு நின்றார்.

“இஞ்சேருங்கோ. சுவாமி இடக்கையிலை அல்லோ வில்லைப் பிடிச்சிருக்கிறார்?”

“அச்சடிச்சவன் மாறி அடிச்சுப்போட்டான்.”

அருள்நாயகி குசினிக்குள் போய், முந்தின வருடக் கலண்டரைக் கொண்டுவந்தார். அதிலும் இடக்கைதான்.

“ரெண்டும் ஒரே அச்சகம்,” என்றார் கோபாலசிங்கத்தார்.

கடைசி வாரத்துக்கு உணவகத்தில் லீவு எடுத்தார். திங்கட்கிழமை காலை குளக்கரையில் கறுப்புக் கண்ணாடியும் வில்லுமாக நின்ற காட்சியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மீன் தண்ணீரில் தெரியும் இடத்துக்குக் கீழேதான் உண்மையில் நிற்கும், ஆகவே தாழ்த்திக் குறி வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தாழ்த்தித்தான் வைத்தார். ஆனால் அம்பு பக்கவாட்டில் போனது. குறி பார்த்தது வலக்கண்; நாணை இழுத்துக்கொண்டு வந்தது இடக்கன்னத்துக்கு. அம்பும் கண்ணும் இரண்டு வீட்டுக்காரர் மாதிரித் தனித்தனி வழியில் போயின. கோப்பை கழுவி உரமேறிய வலக்கை சும்மா வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு வாளி கூடத் தூக்கியிராத இடக்கை நாற்பது இறாத்தலோடு மல்லுக்கட்டியது.

திங்கள், இருபத்தாறு அம்பு, மீன் இல்லை. செவ்வாய், நாற்பது, ஒரு மரக்கட்டை. புதன் காலை, சாமத்திய வீட்டில் வடை தின்றவர்களில் ஒருவரான இராசரத்தினம் வேடிக்கை பார்க்க வந்து, தோடை மரத்தின் கீழ் சப்பாணி கட்டி இருந்தார்.

“மச்சான், மீன் வலப்பக்கம் நிண்டது.”

“கண்டனான்.”

“அம்பு இடப்பக்கம் போட்டுது.”

“காத்து.”

“ஒரு இலை ஆடேல்லையேடாப்பா.”

“தண்ணிக்குக் கீழை அடிக்கிற காத்து. உனக்கு விளங்காது.”

“ஓம் ஓம். வில் நல்ல வில் போலை. மீனுக்கு ஒரு காயமும் வராமல் எவ்வளவு பத்திரமாச் சுடுது!”

கோபாலசிங்கத்தார் அடுத்த அம்பைத் தொடுத்தார். அது இராசரத்தினத்தின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தி நின்றது. நண்பர் எழும்பி, சாப்பாட்டு நேரம் என்று போய்விட்டார்.

அன்று பின்னேரம் கோபாலசிங்கத்தார் வீடு திரும்பியபோது, அருள்நாயகி சட்டி பானைகளைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே போவதற்கு என்று அவர் கேட்கவில்லை. போவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது.

“வந்திட்டியளோ? இதைப் பாருங்கோ.” அருள்நாயகி ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். “அந்த வீட்டு யன்னல் ரெண்டையும் போன கிழமை அளந்தனான். சீலை எடுக்க வேணும். மஞ்சளோ, பச்சையோ?”

“இன்னும் மீன் படேல்லையப்பா.”

“படும். நீங்கள் தெரிஞ்செடுத்த சாமான் எப்ப பிழைச்சது? மஞ்சளோ, பச்சையோ, அதைச் சொல்லுங்கோ.”

கேலி ஏதும் இருக்கிறதா என்று அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருக்கவில்லை. அதுதான் கஷ்டமாகப் போனது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒருவர் ஒரு தெரிவைக் கேட்க, கோபாலசிங்கத்தார் “பிறகு சொல்லுறன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றைக்கும் பலெர்மோத் தமிழர் கதைப்பார்கள். சிஞோரா ஸ்ரெல்லா காரால் இறங்கியபோது, குளக்கரைப் புல்லில் ஐந்து கார்ப் வரிசையாகக் கிடந்தன. ஆறாவதைச் சிஞோராவின் கண்முன்னே கோபாலசிங்கத்தார் ஒரே அம்பில் எடுத்தார். அது பதின்மூன்று கிலோ. சிஞோரா கையைத் தட்டிவிட்டு வீட்டுத் திறப்பை அருள்நாயகியிடம் கொடுத்தார். யன்னலுக்குப் பச்சைச் சீலை வந்தது. இராசரத்தினம் மீனின் தலையை வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்து, மண் மணக்குது என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். கோபாலசிங்கத்தாரின் தெரிவு பிழைக்காது என்ற சரித்திரத்தில் இன்னொரு பக்கம் கூடியது. இப்போது மீன்பிடிச் சாமானுக்கும் அவரைத்தான் கேட்கிறார்கள், அவரும் சொல்கிறார்.

ஆனால் புதனுக்கும் ஞாயிறுக்கும் இடையில் ஒரு வியாழன் இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை காலை, கடை திறக்கமுதலே கோபாலசிங்கத்தார் பிரான்காச்சோவில் நின்றார். வில் ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தது. பஸ்ஸில் யாரோ தெரிந்த தமிழ்ப் பெடியன் “என்ன அண்ணை, வீணையோ?” என்று கேட்டதற்கு ஓம் என்று சொல்லியிருந்தார். எமிலியானா கதவைத் திறந்து, விரிப்பைப் பார்த்து, ஆளைப் பார்த்து, உள்ளே வரச் சொன்னார். மேசையில் வைத்து அவிழ்த்தபோது வில்லின் பிடியில் குளத்துச் சேறு காய்ந்திருந்தது. அதன் மேல் கொஞ்சம் குங்குமம்.

“தண்ணீர் பட்டிருக்கிறது,” என்றார் எமிலியானா.

“பட்டிருக்கிறது. நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. முழு விலையையும் கழிக்க வேண்டாம், பாதி விலைக்கு எடுத்தாலும் சரி. மற்ற வில் வேண்டும்.”

எமிலியானா ஒரு துணியை எடுத்துச் சேற்றைத் துடைத்தார். நாணை இழுத்துப் பார்த்தார். வளைவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வில்லில் என்ன பிழை, சிஞோர்?”

கோபாலசிங்கத்தார் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். கடையில் வேறு ஒருவரும் இல்லை.

“வில்லில் ஒரு பிழையும் இல்லை,” என்றார். “தெரிவில்தான்.”