டெய்லரை அம்மனாக்கிய கல்லூரி

எங்கள் கல்லூரியில் மாடல் என்றால் சாமியார்தான். கிரிவலப் பாதையிலிருந்து ஒருவரை ஆட்டோவில் ஏற்றி வந்து ஓவிய வகுப்பில் உட்காரவைத்துவிடுவார்கள். படிப்பு முடித்து வெளியேறும் மாணவர்களுக்குத் தாடி வரைவது பிரமாதமாக வரும். மோவாய் வராது.

அங்கே நான் ஓவியம் கற்பிக்கிறேன். பாலினமும் பாலியலும் என்று ஒரு தாளையும் சண்டை போட்டு வாங்கி நடத்துகிறேன். கால அட்டவணையில் அதற்கு ‘நன்னெறி’ என்று பெயர். பிரின்சிபால் சூட்டியது. நான் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவள் என்பது அவருக்குத் தெரியும். விழாக்களில் அவளை ‘மேடத்தோட சிஸ்டர்’ என்றுதான் அறிமுகப்படுத்துவார். கேட்டால், “நம்ம ஊர்ல அர்த்தநாரீஸ்வரரையே கும்பிடறோம் மேடம், நமக்கு இதுல இன்னா வித்தியாசம்?” என்பார். தீபத்தன்று அந்தச் சாமி வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவதற்குள் ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மற்ற நாட்களில் ஒரு திருநங்கைக்கு இங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் சாமியாருக்குப் பதிலாக எனக்கு ரவிக்கை தைக்கும் டெய்லரை உட்காரவைத்தேன். அவள் திருநங்கை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஒரு நிபந்தனையோடுதான் வந்தாள்.

“படத்துக்குக் கீழ என் பேரை எழுதிடுங்கக்கா. எக்ஸிபிஷனுக்கு எங்கம்மாவ வரச் சொல்லப் போறேன்.”

அம்மா இருப்பது கீழ்பென்னாத்தூரில். இவள் பெண்ணாக வாழத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் சேர்க்கவில்லை. ஒரு காலேஜ் சுவரில் தன் படத்தையும் பெயரையும் பார்த்தால் அம்மாவின் மனசு இறங்கும் என்று நம்பினாள். அம்மாவும் போனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மாணவி ஒருத்தி அவளை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தாள். கழுத்தில் இன்ச் டேப், வாயோரத்தில் ‘அளவு நீ சொல்லாதே, நான் எடுக்கிறேன்’ என்கிற திமிர். அச்சு அசல் அவள். பெயரட்டையை நானே எழுதி ஒட்டினேன்.

கண்காட்சியன்று காலையில் போய்ப் பார்த்தால், இன்ச் டேப் இருந்த இடத்தில் பூமாலை. நெற்றியில் மூன்றாவது கண். தோளுக்குப் பின்னால் சூலம். அட்டையில் ‘அம்மன்’. முந்தின நாள் நான் வீட்டுக்குப் போனதும் வேறொரு ஆசிரியரை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

“சீஃப் கெஸ்ட் லாட்ஜ் ஓனர், ஜாஸ்தி பக்தி உள்ளவரு மேடம்” என்றார் பிரின்சிபால். “இந்த மாதிரி ஆளுங்க படத்தை மாட்டினா இன்னா நினைப்பாரு? நான் ஒண்ணும் கேவலப்படுத்தலியே. சாமியாத்தான ஆக்கியிருக்கேன்.”

உபகாரம் செய்துவிட்ட முகம் அவருக்கு. அவர் அவளைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அதற்குள் சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். அதே நேரம் வாசலில் வாட்ச்மேன், டெய்லரின் அம்மாவை உள்ளே விட்டு, படத்தில் இருக்கிற டெய்லரை “நீ அப்பால வா” என்று நிறுத்திக்கொண்டிருந்தார். நான் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தேன். படத்தைப் பார்த்ததும் அவள் குனிந்து அட்டையில் தன் பெயரைத் தேடினாள். அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

“என் புள்ளையாட்டம் கீதே” என்றார்.

“அம்மன்மா அது. கும்பிட்டுக்குங்க” என்றார் பிரின்சிபால்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வகுப்பறைக்குப் போய், வண்ணம் கரைக்கிற டர்பன்டைனும் துணியும் எடுத்து வந்தேன். அடியிலிருந்தது காய்ந்த வண்ணம், மேலே பூசியது நேற்றைய ஈரம். சூலம் முதல் இழுப்பிலேயே போனது. பிறகு கண், மாலை. சீஃப் கெஸ்ட் செருப்பைத் தேடினார். பிரின்சிபால் ஓடி வந்து அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“படம் போனா போவட்டும் மேடம். அட்டையிலயாவது அம்மன்னு இருக்கட்டும், ப்ளீஸ்.”

அம்மா மகளின் முழங்கையைப் பிடித்தபடி அவரிடம் திரும்பினார்.

“சாமினு எழுதி வெச்சிட்டா, நான் எப்படிங்க இவள வூட்டுக்கு இட்டுனு போறது?”