கனிக்கு ஊர் காட்டிய வெள்ளிக்கிழமை

கல் சுருங்காது என்பதை முப்பத்தாறாவது வயதில் தெரிந்துகொண்டவன் நான். மற்றவர்களுக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும் போல. யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு தரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நடந்தது இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பன்னிரண்டு வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். பருத்தித் துணி தண்ணீரைப் பார்த்தால் சுருங்கும். இருபது அங்குலம் வேண்டுமென்றால் இருபத்தொன்றாக வெட்டினால்தான் துவைத்த பிறகு இருபது நிற்கும். இந்தப் பழக்கத்தோடுதான் இந்த வருஷம் சொந்தமாக ஆறு மெஷின் போட்டு ஒரு தையல் யூனிட் தொடங்கினேன். வாசல் சுவரில் பிள்ளையாருக்கு ஒரு மாடம் விட்டோம், அகலம் சரியாக ஓர் அடி. திருமுருகன்பூண்டியில் சிலை செய்பவருக்குப் போனில் அளவு சொன்னேன். பதினொன்றரை அங்குலம் என்று சொல்ல வேண்டியவன், எதற்கும் இருக்கட்டும் என்று சுருக்கத்துக்கு ஓர் அங்குலம் சேர்த்துப் பன்னிரண்டரை என்று சொல்லிவிட்டேன். பிள்ளையாரை யாரும் வாஷிங்குக்கு அனுப்பப் போவதில்லை என்பது போனை வைத்து இரண்டு வாரம் ஆகியும் எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சிலையைப் பார்க்கப் போன நாள், 2006 டிசம்பரில் கடைசி வெள்ளிக்கிழமை. கூட வந்தது என் மனைவி சண்முகக்கனி. அவளுக்குச் சிலை ஒரு சாக்குதான். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஏழு வருஷமாகக் கணக்கு டீச்சர் அவள். அடுத்த வருஷம் ஊருக்கே வந்துவிடுவேன் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன் சொந்த யூனிட் போட்டதும், இனி இவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அரையாண்டு லீவில் மகளைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஊரைப் பார்க்க வந்தாள். பிடித்தால் வேலையை விட்டுவிட்டு மகளோடு இங்கே குடிவருவாள். பிடிக்காவிட்டால் இன்னொரு பன்னிரண்டு வருஷம் மாதம் இரண்டு முறை கோவில்பட்டி பஸ்ஸில் நான் உட்கார்ந்தபடி தூங்க வேண்டியதுதான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பேப்பர் திருத்துகிறவள் சொன்னால் அது வேறு மாதிரி ஒலிக்கும்.

காலை எட்டு மணி. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியவளை அழைத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அவிநாசி இங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர் இருக்கும், பூண்டி அதற்கு முன்னால். ஏறியதுமே நான் கைடு வேலையை ஆரம்பித்துவிட்டேன். இதுதான் நொய்யல் ஆறு, சாயப்பட்டறைத் தண்ணீரில் இன்றைக்கு ஊதா ஓடுகிறது, அப்படியென்றால் ஏதோ ஒரு தேசத்தில் ஊதா பனியன் போடப் போகிறார்கள் என்றேன். இதில் மீன் இருக்குமா என்று கேட்டாள். இருந்தால் அதற்கும் சாயம் ஏறியிருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. முதல் கேள்விக்கு மார்க் போய்விட்டது.

கண்டக்டர் வந்து, “அம்மிணி, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் பின்னால் நின்ற ஒரு பெரியவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். டிக்கெட் கொடுத்தபோது ஒரு ‘ங்க’, சில்லறை கேட்டபோது ஒரு ‘ங்க’, சில்லறை இல்லை என்று கோபப்பட்டபோதும் ஒரு ‘ங்க’. கனி என் காதருகே குனிந்து, “இவுகல்லாம் எப்பவுமே இப்படித்தானா, இல்ல நம்மட்ட ஏதும் கைமாத்து கேக்கப் போறாகளா?” என்றாள். எப்போதும் இப்படித்தான், திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார்கள், நான் நிறைய வாங்கியிருக்கிறேன் என்றேன்.

அனுப்பர்பாளையத்தில் இறங்கினோம். நான் குடியிருக்கும் லைன் வீடு அங்கேதான். வரிசையாகப் பத்து வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய், ஆளுக்கு ஓர் அறை. என் அறையில் ஒரு கொடி, அதில் எல்லாச் சட்டைகளும். கனி சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினாள். அந்த மூடியைத் திறந்திருக்க வேண்டாம் என்று எனக்குத்தான் தோன்றியது.

யூனிட் அங்கிருந்து நடக்கிற தூரம். வாசலில் பிள்ளையார் இல்லாத மாடம். உள்ளே நுழைந்ததும் ஆறு மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. ஓனரம்மாவைப் பார்க்க நின்ற மெஷின்கள் அவை. ஓனர் தினமும் வருகிறேன், ஒன்றாவது நின்றிருக்கிறதா?

மெஷின்களைக் காட்டி லூதியானா கதையைச் சொன்னேன். பழைய மெஷின் மலிவு என்று யாரோ சொல்ல, ஏப்ரலில் ரயில் ஏறிவிட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் கம்பெனியில் பீகார் பையன்களை விரட்டிக் கற்றது: சீக்கிரம் எடு, இங்கே வை, இன்னுமா முடியவில்லை. லூதியானாவில் டீக்கடையிலும் லாட்ஜிலும் மெஷின் கடையிலும் இதையேதான் பேசினேன். இவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறவன் பெரிய முதலாளியாகத்தான் இருப்பான் என்று நினைத்து எல்லாரும் விலையை ஏற்றிவிட்டார்கள். ரயில் செலவையும் சேர்த்தால் திருப்பூரிலேயே புதிது வாங்கியிருக்கலாம். தையல்காரப் பெண்கள் இதை இருபதாவது தடவையாகக் கேட்டுச் சிரித்தார்கள். கனியும் லேசாகச் சிரித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, முதல் ஆர்டர் கிடைத்தது, அதைத் துணி கிழியாமல் முடித்தது, ரெண்டாவது ஆர்டரோடு கம்பெனிக்காரர்களே தேடி வந்தது என்று வரிசையாக எடுத்துவிட்டேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. வருஷம் நன்றாகத்தான் போயிருக்கிறது, வரும் வருஷம் இன்னும் நன்றாகப் போகும். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பதினோரு மணிக்குத் திருமுருகன்பூண்டி. ரோட்டோரம் முழுக்க உளிச் சத்தம், வெள்ளைத் தூசி. பாதி முடிந்த நந்திகளும் முகம் இன்னும் வராத அம்மன்களும் வெயிலில் நின்றார்கள். எங்கள் சிலையைச் செய்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, காதில் செல்போன், கண்ணில் கூலிங்கிளாஸ். சாக்கை விலக்கிக் காட்டினார். பிள்ளையார் அழகாக இருந்தார், கூடவே அகலமாகவும் இருந்தார். நான் டேப்பை வைத்து அளந்தேன். கனி மாடத்தைப் பார்த்துவிட்டு வந்தவள், நான் வாயைத் திறக்கும் முன்பே கணக்குப் போட்டுவிட்டாள். அரை அங்குலம் வெளியே நிற்கும்.

அளவு நீங்கள் சொன்னதுதான் என்றார் அவர். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நான் விளக்கினேன். சுருக்கம் என்று சொன்னபோது அவர் கூலிங்கிளாஸைக் கழற்றினார்.

“ஏனுங்க, எக்ஸ்.எல். சைசுல புள்ளாரு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் தொப்பையை இன்னும் கொஞ்சம் போட்டுக் குடுத்திருப்பேனுங்க.”

இரண்டு காதையும் கால் கால் அங்குலம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். சாமி காதில் கை வைக்க மாட்டேன், வேண்டுமானால் கொத்தனாரை வைத்துச் சுவரைக் குறையுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டார். அதுவே முடிவாயிற்று. மாடத்தை அகலப்படுத்திய பிறகு தை பிறந்ததும் மினி வேனில் அனுப்புவதாகச் சொன்னார். அங்கிருந்த எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வரும்வரை எல்லாருக்கும் என் கதையையும் சொன்னார்.

பன்னிரண்டரைக்கு அவிநாசி. கோயிலில் நடை சாத்தும் நேரம், கூட்டம் இல்லை. கோபுரத்துக்கு எதிரே நின்று, பெரிய தேரைப் பற்றி, அதை இழுக்க வரும் ஜனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, இரண்டு பேருக்கும் நாற்பத்தாறு ரூபாய். அவள் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் வாடகை வீடு எங்கே பார்க்கலாம், எந்தப் பக்கம் காற்று வரும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் கையை நிறுத்தினாள்.

“காலையிலருந்து உங்க வருசத்தத்தான் காட்டுதீக. உங்க ரூம், உங்க மெசினு, உங்க பிள்ளையாரு. எனக்கு இந்த ஊர்ல என்ன இருக்கு?”

நான் இருக்கிறேனே என்றேன். மெஸ்ஸில் பரிமாறியவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். இந்த வருஷம் முழுக்க நான் சொன்ன ஜோக்குகளில் அதைவிட மோசமானது கிடையாது. லூதியானாவில் விலையாவது ஏறியது.

வெளியே வந்ததும், கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், குடிக்கத் தண்ணீர் வாங்கி வாருங்கள் என்றாள். வாங்கி வந்தேன். அவள் இல்லை. மண்டபத்தில் இல்லை, செருப்பு விடும் இடத்தில் இல்லை. என்னிடம் செல்போன் இருந்தது, அவளிடம் கிடையாது. பூக்காரம்மாவிடம் கேட்டேன். பச்சைச் சேலை கட்டிய அம்மிணி அப்போதே எழுந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனாங்க சாமி என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். முப்பத்தாறு வயதில் தொப்பையோடு ஓடுகிறவனைப் பார்க்க அவிநாசியில் நிறையப் பேருக்கு நேரம் இருந்தது. மதுரைப் பக்கம் போகும் பஸ் ஏதாவது போயிற்றா என்று நேரம் குறிப்பவரிடம் கேட்டேன். இங்கிருந்து நேர் பஸ் இல்லை, திருப்பூர் போய்த்தான் மாற வேண்டும், திருப்பூர் பஸ் இப்போதுதான் ஒன்று போனது என்றார். அதில் பச்சைச் சேலை ஏறியதா என்றால் அவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதன்முறையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. மகள் கௌரிக்கு இந்த வருஷம் முன்பல் இரண்டும் விழுந்தன. ஒரு தடவை போனபோது பல் இருந்தது, அடுத்த தடவை ஓட்டை இருந்தது, அதற்கடுத்த தடவை புதுப் பல் வந்திருந்தது. விழுந்ததை நான் பார்க்கவே இல்லை. அதுதான் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கத்திலிருந்து கனி வந்தாள். நெற்றியில் வேர்வை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியிருந்தாள், வகுப்புக்குப் போகிறவள் மாதிரி. தண்ணீரை வாங்கிக் குடித்தாள். எங்கே போனாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வந்து நின்ற பஸ்ஸில் ஏறினோம்.

மாலை நாலு மணிக்கு பஸ் பூண்டியைத் தாண்டியது. ஜன்னலில் வரிசையாகக் கம்பெனிப் பலகைகளும், இடையிடையே சோளக்காடும், அதில் மேயும் ஆடுகளும் போயின. கோவில்பட்டியில் கரிசல்; வெயில் அடித்தால் பிளக்கும், மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. இந்தச் செம்மண் யாரையும் பிடித்து வைப்பதில்லை. இருக்கிறவன் இருக்கலாம், போகிறவன் போகலாம். என்னை யாரும் இங்கே பிடித்து வைக்கவில்லை, நானாகத்தான் இருந்தேன். பிடிக்கவில்லையென்றால் சொல்லிவிடு, கௌரிக்காக யூனிட்டை விற்றுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

விற்க வேண்டாம் என்றாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். அவிநாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம். காலையில், அவிநாசியிலிருந்து யூனிட்டுக்குத் தைக்க வரும் பெண்ணொருத்தியிடம், உன் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறாள். லீவுதான் என்றாலும் ஆபீஸ் திறந்திருந்தது, எச்.எம். இருந்தார். கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார், ஆள் தேடுகிறார்கள். ரெண்டாம் தேதி வந்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கௌரிக்கு ரெண்டாம் வகுப்பில் இடமும் இருக்கிறதாம்.

நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்து, ரெண்டாம் தேதி நானும் கூட வருகிறேன், எச்.எம்.மிடம் நானே ஒரு வார்த்தை பேசுகிறேன், நம் யூனிட்டைப் பற்றி, லூதியானா போனதைப் பற்றியெல்லாம் சொன்னால் ஒரு மதிப்பாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். கனி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“வாயத் தொறக்காம வர்றதா இருந்தா வாங்க.”